அந்த டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க

2022 ஆடி மாசம், மத்தியானம் மூன்று மணி வெயிலில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குள் ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பைக்குள் பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் உறுப்பு கெடாமல் வைக்கிற ஃபார்மலின் திரவம், ஃபார்மலினுக்குள் என் அத்தையின் பித்தப்பை. பூ விற்கிற அம்மா ஒருத்தர் "தம்பி, பையில என்ன ஒழுகுது"ன்னு கேட்டார். ஊறுகாய் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

அந்த டப்பா என் கைக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து "அட்டெண்டர் யாரு?" என்றார். நான் எழுந்து நின்றேன். ஒரு கையில் டப்பாவும் இன்னொரு கையில் சின்ன ஜிப் கவரும் கொடுத்தார். கவருக்குள் 14 கற்கள், சுண்டைக்காய் அளவில், பழுப்பும் மஞ்சளுமாக. "இத பயாப்ஸிக்குக் குடுக்கிறதுன்னா வெளி லேப்ல குடுத்துக்கோங்க, வேணாம்னா இங்கயே விட்டுருங்க, நாங்க தூக்கிப் போட்டுர்றோம்." அவ்வளவுதான் பேச்சு. சர்ஜன் அதற்குள் அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கிளம்பிவிட்டார். மாமா உடனே, "கல்லுக்காக எடுத்ததுக்கு என்னப்பா டெஸ்ட்டு, அதான் எடுத்தாச்சுல்ல" என்றார். லேபில் 900 ரூபாய். ஏற்கெனவே மருந்துக் கடையில் அவர் பர்ஸ் காலியாகியிருந்தது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. எப்படியும் பஸ் ஏறப் போகிறேன், லேப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, போகிற வழியில் கொடுத்துவிடலாமே என்றுதான் வாங்கிக்கொண்டேன். லேப் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று இன்று வரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன்.

அத்தை சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது 61. இரண்டு வருஷமாகவே வலது விலாவுக்குக் கீழே வலி, கறிக்குழம்பு சாப்பிட்ட ராத்திரி முதுகு வரைக்கும் இழுக்கும். எல்லார் வீட்டிலும் போலவே அதற்கு வீட்டில் வைத்த பெயர் கேஸ் ட்ரபிள். ஓம வாட்டர், ஜெலுசில், சோடா. ஸ்கேனில் கல் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று நாற்பத்தெட்டு நாள் வாழைத்தண்டு ஜூஸ். வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம், பித்தப்பை கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, அது வேறு கல், வேறு இடம், வேறு குழாய். ஆனால் கல் என்றால் நமக்கு எல்லாம் ஒரே கல்தான். அப்புறம் ஒரு ராத்திரி காய்ச்சலோடு வாந்தி வந்து, "லேசர்ல எடுத்துரலாம்" என்று முடிவானது. லேப்ராஸ்கோபியை எங்கள் ஊரில் லேசர் என்றுதான் சொல்வார்கள். ஸ்கேனில் பித்தப்பையின் சுவர் கொஞ்சம் தடித்திருப்பதாக எழுதியிருந்தது. கல் பல வருஷம் கிடந்தால் சுவர் தடிக்கும்தான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது நாள் லேபில் இருந்து போன். ரிப்போர்ட் ரெடி என்று சொல்ல வழக்கமாகப் பேசும் பையன் இல்லை, பேத்தாலஜி டாக்டரம்மாவே பேசினார். "கல்லுக்காக எடுத்ததுதானே? வேற ஏதாவது துண்டு உங்ககிட்ட குடுத்தாங்களா? எடுக்கும்போது பித்தப்பை கிழிஞ்சுதான்னு டாக்டர் எதாவது சொன்னாரா?" மூன்றாவது கேள்வியில் என் வயிறு கலங்கியது. இன்னும் கொஞ்சம் இடங்களில் இருந்து வெட்டி எடுத்துப் பார்க்கப் போவதாகவும், மெழுகில் பதித்த பிளாக்கைச் சென்னைக்கு அனுப்பி வேறு சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும், அதற்குத் தனியாகப் பணம் ஆகும் என்றும் சொன்னார். புற்றுநோய் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னால் ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்தபோது மைக்ராஸ்கோப்பில் காட்டினார். பித்தப்பையில் வருகிற புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பி போல, குழாய் குழாயாக வளரும் வகை. அத்தையுடையது அப்படி இல்லை. கேழ்வரகைக் கொட்டி வைத்த மாதிரி நெருக்கி நெருக்கிக் கருநீலமான சின்னச் செல்கள். சென்னையில் போட்ட சாயத்தில் அவை பழுப்பாக மாறியிருந்தன. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற இரண்டு புரதங்கள் செல்லுக்குள் இருந்தால் அந்தப் பழுப்பு வரும், வந்தால் அது நியூரோஎண்டோகிரைன் வகைச் செல். இன்னொரு சாயம் கேஐ-67. நூறு செல்லில் எத்தனை செல் இப்போது பிரிந்து பெருகும் வேலையில் இருக்கிறது என்று அது சொல்லும். 20க்கு மேல் போனாலே வேகமான ரகம். அத்தைக்கு 75. கட்டி எவ்வளவு பெரிது என்று கேட்டேன். 1.8 சென்டிமீட்டர். டப்பாவைத் திறந்து வெறும் கண்ணால் பார்த்திருந்தால் அடிப்பக்கம் சுவர் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

ரிப்போர்ட்டில் "பித்தப்பையின் சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா" என்று இருந்தது. கார்சினோமா என்றால் புற்றுநோய்தான், ஆனால் வீட்டில் அதில் புரிந்த ஒரே வார்த்தை நியூரோ. அடுத்த ஒரு வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் முழுக்க அத்தைக்கு மூளையில் என்னவோ என்று பேசிக்கொண்டார்கள். சித்தப்பா மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் டோக்கனே போட்டுவிட்டார். நடிகர் இர்ஃபான் கான் 2018ல் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று அறிவித்தபோதும் இதே கதைதான் நடந்தது. நியூரோ என்றாலே மூளை இல்லை என்று அவரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தச் செல்கள் நரம்புச் செல்லைப் போலச் சமிக்ஞை வாங்கி, நாளமில்லாச் சுரப்பியைப் போல ஹார்மோனை ரத்தத்தில் விடும், அதனால்தான் இரண்டு பெயரையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். குடலிலும் கணையத்திலும் நுரையீரலிலும் நம் எல்லோருக்கும் இவை இருக்கின்றன.

விசித்திரம் என்னவென்றால், ஆரோக்கியமான பித்தப்பையின் சுவரில் இந்தச் செல் கிடையாது. இல்லாத செல்லில் இருந்து எப்படிப் புற்றுநோய் வரும் என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பல வருஷம் கல் உரசி உரசிப் புண்ணாகி ஆறி, மறுபடி புண்ணாகி, ஒரு கட்டத்தில் பித்தப்பையின் உள்தோல் தன் குணத்தை மாற்றிக்கொண்டு குடலின் உள்தோல் போல ஆகிவிடுமாம். குடல் தோல் வந்தால் அதோடு இந்தச் செல்லும் வந்துவிடும். எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச்செல்லில் இருந்து நேரடியாக வரலாம் என்றும் ஒரு கருத்து இருக்கிறது. பித்தப்பைப் புற்றுநோய் வருகிற நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்குத்தான் இந்த ரகம். பித்தப்பைப் புற்றுநோயே நம் பக்கம் குறைவு. கங்கைச் சமவெளியில், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் என்று அந்தப் பக்கம்தான் அதிகம், அதிலும் பெண்களுக்கு. குறைவாக வருகிற நோயில் இன்னும் குறைவான ரகம் திண்டுக்கல்லில் சத்துணவு சமைத்துப் போட்ட ஒரு மனுஷிக்கு வந்தது. கல் இருக்கிற எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம், கல்லோடு வாழ்கிற மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதே இல்லை.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம், ராத்திரி முழுக்க நெட்டில் தேடியது. நியூரோஎண்டோகிரைன் என்று போட்டால் நல்ல நல்ல செய்தியாக வருகிறது. மெதுவாக வளரும், பத்து வருஷம்கூட இருப்பார்கள், ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் இதுதான், 2003ல் கண்டுபிடித்து 2011 வரை இருந்தார், மாதம் ஒரு ஆக்ட்ரியோடைட் ஊசி, லுட்டீசியம் என்று ஒரு கதிரியக்க மருந்து. 1907ல் ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃபர் என்ற டாக்டர் குடலில் இந்த மாதிரிக் கட்டிகளைப் பார்த்துவிட்டு, புற்றுநோய் போல இருக்கிறது ஆனால் அவ்வளவு மோசமாக நடந்துகொள்ளவில்லை என்று 'கார்சினாய்டு' என்றே பெயர் வைத்தாராம். இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு, மதுரையில் புற்றுநோய் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, லுட்டீசியம் எங்கே கிடைக்கும் சார் என்று கேட்டேன்.

அவர் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். அப்புறம் ஒரு பக்கத்தில் என்ஈடி (நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்) என்றும் அதற்குக் கீழே என்ஈசி (நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா) என்றும் எழுதி, நீங்க படிச்சதெல்லாம் மேல இருக்கிறது, உங்க அத்தைக்கு இருக்கிறது கீழ இருக்கிறது என்றார். முதலாவது ஒழுங்காக முதிர்ந்த செல்களால் ஆன கட்டி. அந்தச் செல்கள் மேல் ஹார்மோன் ஏற்பிகள் நிறைய இருக்கும், லுட்டீசியமும் ஆக்ட்ரியோடைட்டும் அந்த ஏற்பியைப் பிடித்துத்தான் வேலை செய்யும். இரண்டாவது கார்சினோமா. செல் முதிராமலே பெருகிக்கொண்டு போகும், ஏற்பி பெரும்பாலும் இருக்காது, அது சர்க்கரையை வாரித் தின்னும், அதனால் சர்க்கரையில் கதிரியக்கம் சேர்த்து எடுக்கிற சாதாரண பெட் ஸ்கேனில்தான் நன்றாகத் தெரியும். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். என் நாற்பது பக்கமும் வேறு யாருடைய நோயைப் பற்றியோ இருந்தது. தன் பதினைந்து வருஷ வேலையில் பித்தப்பையில் இதை இரண்டு பேருக்குத்தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். "இதுக்குன்னு தனியா மருந்து கண்டுபிடிக்கிற அளவுக்கு நோயாளிகள் இல்லைங்க. நுரையீரல்ல வர்ற ஸ்மால் செல் புற்றுநோய் இதுக்கு அண்ணன் மாதிரி. அண்ணனுக்குக் குடுக்கிற மருந்தையே தம்பிக்கும் குடுக்கிறோம்." இப்படி ஒளிவு மறைவில்லாமல் பேசுகிற டாக்டர் கிடைத்தது பெரிய விஷயம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் கடைசி வரைக்கும் பதில் கிடைக்கவில்லை. எடுக்கும்போது பித்தப்பை கிழிந்து பித்தநீர் வயிற்றுக்குள் சிந்தியதா? உள்ளே புற்றுநோய் இருந்து பித்தம் சிந்தினால் செல்கள் அதோடு பரவக்கூடும், அதனால் அடுத்த முடிவுகளுக்கு அது தெரிந்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "லேப் கோலி செய்யப்பட்டது, சிக்கல் ஏதுமில்லை" என்று ஒரே ஒரு வரி. லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுப்பதைத்தான் அப்படிச் சுருக்கி எழுதுவார்கள். ஆபரேஷன் குறிப்பு வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரிக்கு நான்கு தடவை நடந்தேன். முதல் தடவை மேனேஜர் லீவு, இரண்டாவது தடவை ரெக்கார்டு ரூம் சாவி இல்லை, மூன்றாவது தடவை எதுக்குக் கேக்குறீங்க, கேஸ் போடப் போறீங்களா என்றார்கள். நான்காவது தடவை கொடுத்த தாளிலும் அதே ஒரு வரிதான் இருந்தது, சீல் மட்டும் புதுசு.

பெட் ஸ்கேனில் பித்தப்பை இருந்த இடத்தில் கல்லீரல் ஓரமும், பக்கத்து நெறிக்கட்டி ஒன்றும் மினுங்கின. முதலில் நான்கு சுற்று கீமோ, அடங்கினால் இரண்டாவது ஆபரேஷன் என்று முடிவு. சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும். முதல் நாள் இரண்டும், அடுத்த இரண்டு நாள் எட்டோபோசைடு மட்டும், 21 நாளுக்கு ஒரு சுற்று. சிஸ்பிளாட்டினுக்குள் இருப்பது நிஜமாகவே பிளாட்டினம் உலோகம். அமெரிக்காவில் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி பாக்டீரியாவில் கரண்டு விட்டு ஏதோ சோதனை செய்தபோது, அவை பிரியாமல் நீளமாக வளர்ந்துகொண்டே போனதாம், காரணம் கரண்டு இல்லை, கம்பியில் இருந்து கரைந்த பிளாட்டினம்தான் என்று 1965ல் எழுதினார். அங்கே ஆரம்பித்த மருந்து இது. எட்டோபோசைடு ஒரு செடியின் வேரில் கிடைக்கும் பொருளை மாற்றிச் செய்தது, அந்தச் செடியின் ஒரு இனம் இமயமலையிலும் வளர்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல உங்க மாமா ஒரு குண்டுமணித் தங்கம் எடுத்துத் தரல, ஆஸ்பத்திரிக்காரன் பிளாட்டினத்தையே ஏத்துறான் பாரு" என்றார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் படுத்தும், அதனால் அதற்கு முன்னும் பின்னும் லிட்டர் கணக்கில் சலைன். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீராக வெளியே வருகிறது என்று அளந்து எழுத வேண்டும், அந்த வேலை எனக்கு. இரண்டாவது சுற்றில் காதில் வண்டு குடைகிற மாதிரிச் சத்தம் வந்தது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியது, மூன்றாவதில் இருந்து அதே குடும்பத்து மருந்தான கார்போபிளாட்டினுக்கு மாற்றினார்கள். பதினாறாவது நாள் முடி கையோடு வந்தது. வெள்ளை அணுவை ஏற்ற வயிற்றில் போட்ட ஊசிக்கு இடுப்பெலும்பு ராத்திரி முழுக்க வலித்தது. இவ்வளவுக்கும் அத்தை அழவில்லை. ரசம் இரும்புச் சட்டியை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றுதான் அழுதார். தினம் இருநூறு பிள்ளைகளுக்கு உப்புப் பார்த்துப் பார்த்து இறக்கிய நாக்கு அது.

நான்கு சுற்றுக்குப் பிறகு ஸ்கேனில் மினுங்கல் நன்றாகக் குறைந்திருந்தது. பித்தப்பையை ஒட்டிய கல்லீரல் துண்டையும், டாக்டர்கள் அதை 4பி, 5 என்று எண் போட்டுச் சொன்னார்கள், ஏழு நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஒன்றில் மட்டும் நோய் இருந்தது. பிறகு இன்னும் இரண்டு சுற்று.

மாசிக்குள் முடி திரும்பி வளர ஆரம்பித்தது, சுருட்டையாக. அந்த வருஷம் அத்தை பழனிக்குப் போனார், யானைப் பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். தன்னிடம் சத்துணவு சாப்பிட்ட பையன் ஒருத்தன் எலெக்ட்ரீஷியனாக வந்து வீட்டில் ஃபேன் மாட்டிவிட்டுக் காசு வாங்காமல் போனதை ஒரு மாசத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கறிக்குழம்பு வலியில்லாமல் சாப்பிட்டார். நான் ராத்திரிகளில் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் செரிமான உறுப்புகளில் இந்த ரகம் வந்த 170 பேரை இரண்டு விதமான மருந்துக் கூட்டணியில் வைத்துப் பார்த்து 2022ல் வெளியிட்ட ஆய்வு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு பக்கமும் பாதிப் பேர் ஒரு வருஷத்தை ஒட்டியே போய்விட்டார்கள். அறுவை செய்ய முடியாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள், அத்தைக்கு அப்படி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

2023 ஐப்பசியில் நோய் திரும்பி வந்தது, கல்லீரலில் மூன்று இடம். மறுபடி மருந்து, இந்தத் தடவை கேட்கவில்லை. 2024 சித்திரையில் அத்தை போய்விட்டார். ஆபரேஷனில் இருந்து கணக்குப் போட்டால் இருபது மாசம்.

"கடைசில போயிட்டாங்கல்ல, அப்புறம் அந்த டெஸ்ட்டால என்ன லாபம்"னு ஒரு உறவினர் காரியத்தன்றே கேட்டார். டப்பாவை நர்ஸிடமே விட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கல் போச்சு என்று சந்தோஷமாக இருந்திருப்போம், சில மாசத்தில் கண் மஞ்சளாகியிருக்கும், கீழாநெல்லி கொடுத்திருப்போம். எல்லாம் முடிந்த பிறகு, என்ன நோய் என்ற பெயர்கூடத் தெரியாமல் அத்தையைச் சுடுகாட்டுக்கு எடுத்திருப்போம். அந்த உறவினருக்கு நான் பதில் சொல்லவில்லை. ஏதாவது கேவலமாகச் சொல்லியிருப்பேன்.

நியாயமாகப் பார்த்தால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. எடுக்கிற பித்தப்பையில் மிகப் பெரும்பாலானவற்றில் கல்லும் நாள்பட்ட வீக்கமும் தவிர ஒன்றும் இருக்காது, எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் வைப்பது வீண் செலவு, சர்ஜன் அதைத் திறந்து பார்த்துச் சந்தேகம் இருந்தால் மட்டும் அனுப்பினால் போதும் என்று வெளிநாட்டில் வாதம் நடக்கிறது. இருக்கலாம். ஆனால் அதில் சர்ஜன் திறந்து பார்ப்பது என்று ஒரு படி இருக்கிறது. எங்களிடம் டப்பாவைக் கொடுத்தபோது அந்தப் பித்தப்பை வெட்டித் திறக்கப்படாமல் முழுசாகத்தான் இருந்தது என்று லேபில் சொன்னார்கள். பார்த்தும் அனுப்பவில்லை என்றால் ஒரு பேச்சு, இது பார்க்காமலே. 900 ரூபாயைப் பில்லிலேயே சேர்த்துப் போட்டுவிட்டு அவர்களே அனுப்பியிருக்கலாம், அறை வாடகையில் அதைவிடப் பெரிய தொகைகள் எங்களைக் கேட்காமலே ஏறியிருந்தன.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாசம் சித்தி மகளின் வீட்டுக்காரருக்குப் பித்தப்பை ஆபரேஷன். விசாரிக்க மூன்றாம் நாள் போன் போட்டேன். எல்லாம் பேசிவிட்டு, "மாப்ள, பித்தப்பைய டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அது வீட்டுலதான் மச்சான் இருக்கு. கவர்ல போட்டுக் குடுத்தாங்க. கெட்டுப்போயிரும்னு உங்க தங்கச்சி ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கா."

மாவுச் சட்டிக்குப் பக்கத்திலாம். ஃபார்மலின் கிடையாது, வெறும் கவர். எடுத்த உறுப்பை உடனே அதைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட வேண்டும், இல்லை என்றால் செல்கள் தானாகவே கரைய ஆரம்பித்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் அது கொஞ்சம் தாமதமாகும், நிற்காது. உடனே எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடு என்று கத்தினேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. லேப் பூட்டியிருந்தது. அங்கே மாட்டியிருந்த போர்டில் இருந்த நம்பருக்குப் பேசி, டெக்னீஷியன் பையன் பைக்கில் வந்து திறந்து, ஃபார்மலினில் போட்டு வைத்தான்.

நேற்று ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினான் மாப்பிள்ளை. கொஞ்சம் கரைந்திருப்பதால் சில இடங்கள் தெளிவாகத் தெரியவில்லை, பார்த்த வரையில் நாள்பட்ட வீக்கமும் கல்லும்தான், புற்றுநோய்ச் செல் எதுவும் காணப்படவில்லை என்று இருக்கிறது. "சில இடங்கள் தெளிவாகத் தெரியவில்லை" என்பதற்கு என்ன அர்த்தம் மச்சான் என்று கீழே கேட்டிருக்கிறான். அந்த டாக்டரம்மா நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது, நாளைக்குக் காலையில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.